'ரீசெட்=ஃபால்ஸ்' என்று அனுப்பினால் எல்லாம் ஏன் அழிகிறது? கணக்கு அமைப்புகளும் ஏபிஐயும்

விக்கிப்பீடியாவில் கணக்கு வைத்திருப்பவர்களுக்கு 'விருப்பத்தேர்வுகள்' பக்கம் தெரிந்திருக்கும். தளத்தின் தோற்றம், கையொப்பம், மின்னஞ்சல் அறிவிப்பு, அண்மைய மாற்றங்களில் எதைக் காட்டுவது என எல்லாவற்றையும் அங்கேதான் மாற்றுகிறோம். அந்தப் பக்கத்தைத் திறக்காமல், ஒரு நிரலிலிருந்து இதே மாற்றங்களைச் செய்யவும் வழி இருக்கிறது. விக்கிப்பீடியாவை இயக்கும் மீடியாவிக்கி மென்பொருளின் ஏபிஐக்கு (நிரல்கள் பேசுவதற்கான வாசலுக்கு) ஒரு கோரிக்கை அனுப்பினால் போதும்.

அந்தக் கோரிக்கையில் 'ரீசெட்=ஃபால்ஸ்' என்று ஒரு வரி சேர்க்கிறீர்கள் என்று வையுங்கள். 'எதையும் பழையபடி ஆக்காதே' என்று சொன்னதாகத்தான் எவரும் நினைப்பார். சர்வரோ கணக்கின் அத்தனை அமைப்புகளையும் தளத்தின் இயல்புநிலைக்குத் திருப்பிவிட்டு, 'சக்சஸ்' என்று பதில் அனுப்பும். இது வழு இல்லை. ஆவணத்தில் எழுதியிருக்கும் விதிப்படியே நடக்கிறது.

அமைப்புகளை அனுப்புவது ஏபிஐ வேலைகளிலேயே எளிதானதாகத் தெரியும். ஒரு பெயர், ஒரு மதிப்பு, அவ்வளவுதானே? ஆனால் 'இதை மாற்று', 'இதைக் காலியாக்கு', 'இதை இயல்புநிலைக்குக் கொண்டுபோ', 'இதைத் தொடாதே' என்ற நான்கையும் சர்வருக்குத் தனித்தனியாகப் புரியவைக்க வேண்டியிருக்கிறது. இந்தத் துறையில் வரும் தொல்லைகளில் பெரும்பாலானவை இந்த நான்கும் ஒன்றோடொன்று குழம்புவதால் வருகின்றன. மீடியாவிக்கியையே எடுத்துக்காட்டாக வைத்து, அடியிலிருந்து பார்க்கலாம். கட்டளைப் பெயர்களை இங்கே ஒலிப்புப்படி தமிழில் எழுதியிருக்கிறேன்; நிரலில் ஆங்கில எழுத்தில்தான் தர வேண்டும்.

## அமைப்பு என்பது தரவுத்தளத்தில் ஒரு வரி

மீடியாவிக்கியின் தரவுத்தளத்தில் பயனர் அமைப்புகளுக்கென்று ஓர் அட்டவணை இருக்கிறது. அதில் மூன்றே நெடுவரிசைகள்: எந்தப் பயனர், எந்த அமைப்பு, என்ன மதிப்பு. சிறு தொகுப்புகளை மறைக்க நீங்கள் தேர்ந்தெடுத்தால், 'ஹைட்மைனர்' என்ற பெயரும் 1 என்ற மதிப்பும் உங்கள் பயனர் எண்ணுக்கு எதிரே ஒரு வரியாக ஏறும்.

தளத்தின் இயல்புநிலையோடு ஒத்துப்போகும் தேர்வைப் பொதுவாக மீடியாவிக்கி எழுதிவைப்பதில்லை. மாறுபட்டதை மட்டுமே சேமிக்கிறது. கோடிக்கணக்கான கணக்குகள் இருக்கும் தளத்துக்கு இது நியாயமான சிக்கனம். விளைவு என்னவென்றால், 'இதுதான் வேண்டும்' என்று யோசித்து இயல்புநிலையைத் தேர்ந்தவரும், அந்தப் பக்கத்தையே ஒருநாளும் திறக்காதவரும் தரவுத்தளத்தின் கண்ணுக்கு ஒன்றுதான். நாளை தளம் தன் இயல்புநிலையை மாற்றினால் இருவருக்கும் சேர்ந்தே மாறும். ஆங்கில விக்கிப்பீடியா 2023 ஜனவரியில் 'வெக்டர் 2022' என்ற புதிய தோற்றத்தை இயல்பாக்கியதைப் போன்ற சமயங்களில், யாருக்கு எது மாற வேண்டும் என்பதைத் தளத்தை நடத்துபவர்கள் தனியாகக் கணக்கிட வேண்டி வருவது இதனால்தான்.

ஆக, ஓர் அமைப்புக்கு 'மதிப்பு உண்டு' என்பது ஒரு நிலை, 'வரியே இல்லை' என்பது இன்னொரு நிலை. ஏபிஐ இந்த இரண்டையும் சொல்ல இடம் தர வேண்டும்.

## கோரிக்கை எந்த வழியில் போகிறது

ஏபிஐ என்பது நிரல்கள் பேசுவதற்காக ஒரு சேவை திறந்துவைத்திருக்கும் வாசல். நாம் பார்க்கும் மீடியாவிக்கி ஏபிஐக்கு ஒரே ஒரு முகவரிதான். என்ன செய்ய வேண்டும் என்பதை 'ஆக்‌ஷன்' என்ற அளவுருவில் (கோரிக்கையோடு பெயரும் மதிப்புமாகச் சேர்ந்துபோகும் விவரத்தில்) சொல்கிறோம். அமைப்புகளை மாற்றுவதற்கான ஆக்‌ஷனின் பெயர் 'ஆப்ஷன்ஸ்'. ஒரு நிரல் தன் பயனரின் அமைப்பை மாற்றும் வரிசை இது:

1. புகுபதிகைக்கான டோக்கன் ஒன்றைச் சர்வரிடம் கேட்டு வாங்குகிறது. டோக்கன் என்பது சர்வர் உருவாக்கித் தரும் நீளமான எழுத்துச்சரம். அதைத் திருப்பிக் காட்டினால்தான் அடுத்த கதவு திறக்கும்.

2. பயனர்பெயர், கடவுச்சொல்லோடு புகுபதிகைக் கோரிக்கை அனுப்புகிறது. முதன்மைக் கடவுச்சொல்லை இதற்குப் பயன்படுத்துவது அறிவீனம். 'பாட் பாஸ்வேர்டு' என்று தனிக் கடவுச்சொல் எடுத்துக்கொள்ளலாம்; பயனர்பெயருக்குப் பின் @ குறியும் செயலியின் பெயரும் சேர்ந்து அதன் புகுபெயர் ஆகும். எடுக்கும்போதே அதற்கு எந்தெந்த உரிமைகள் என்று தேர்ந்துகொள்கிறோம். அமைப்புகளை மாற்றும் உரிமையை அங்கே டிக் செய்யாவிட்டால், பின்னால் எத்தனை சரியாக எழுதினாலும் அனுமதி மறுப்புதான் வரும்.

3. சர்வர் தரும் குக்கீயை (உங்களை அடுத்தமுறை அடையாளம் காண அது கொடுத்தனுப்பும் சிறு தரவை) பத்திரமாக வைத்து, அடுத்துவரும் ஒவ்வொரு கோரிக்கையிலும் திருப்பி அனுப்புகிறது. நிரலின் ஏதோ ஒரு மூலையில் புதிய இணைப்பைத் திறந்து குக்கீயைத் தொலைத்துவிட்டால், சர்வருக்கு நீங்கள் மீண்டும் யாரோ ஒருவர்.

4. இரண்டாவது டோக்கன் ஒன்றைக் கேட்கிறது. இதற்குச் 'சிஎஸ்ஆர்எஃப் டோக்கன்' என்று பெயர்; வேறொரு தளம் உங்கள் பெயரில் போலிக் கோரிக்கை அனுப்புவதைத் தடுப்பது இதன் வேலை.

5. அந்த டோக்கனோடு சேர்த்து, மாற்ற வேண்டிய அமைப்புகளைப் போஸ்ட் முறையில் அனுப்புகிறது.

ஓஆத் முறையில் அனுமதி பெற்ற செயலிகளுக்கு முதல் மூன்று படிகள் தேவைப்படா. பயனர் ஒருமுறை 'சரி' என்று ஒப்புதல் கொடுத்தபின், ஒவ்வொரு கோரிக்கையின் தலைப்பகுதியிலும் சான்று சேர்ந்துபோகும். பிறருக்காகச் செயலி எழுதுபவர்கள் இந்த வழியைத்தான் எடுக்க வேண்டும். மற்றவரின் கடவுச்சொல்லைக் கேட்டு வாங்கிவைத்துக்கொள்ளும் செயலியை நம்புவதற்கு எந்தக் காரணமும் இல்லை.

ஐந்தாம் படியில் ஏன் போஸ்ட்? எச்டிடிபி நெறிமுறையில் கெட் என்பது படிப்பதற்கான முறை. உலாவிகளும் இடையில் பிரதிகளைச் சேமித்துவைக்கும் கேஷ்களும் கெட் கோரிக்கையைத் தங்கள் விருப்பப்படி முன்கூட்டியோ மறுபடியுமோ அனுப்பலாம் என்ற ஏற்பாட்டில்தான் இணையம் இயங்குகிறது. எதையாவது மாற்றும் வேலையை அதில் வைத்தால், யாரும் கேட்காமலே மாற்றம் நடந்துவிடும். தவிர, கெட்டில் எல்லா விவரமும் முகவரியிலேயே இருப்பதால் சர்வர் பதிவேடுகளிலும் தங்கிவிடும். மீடியாவிக்கி இந்த ஆக்‌ஷனைக் கெட்டில் அனுப்பினால் ஏற்காது.

## புகுபதிகை செய்தபின்னும் ஏன் இன்னொரு டோக்கன்?

புதிதாக வருபவர்களுக்கு அதிகம் எரிச்சலூட்டுவது நான்காம் படிதான். குக்கீ இருக்கிறது, நான் யார் என்று சர்வருக்குத் தெரியும், அப்புறம் எதற்கு இது?

உலாவி ஒரு தளத்துக்குக் கோரிக்கை அனுப்பும்போது அந்தத் தளத்தின் குக்கீயைத் தானாகவே இணைத்துவிடும். அந்தக் கோரிக்கையைக் கிளப்பியது யார் என்று நெடுங்காலம் அது பார்த்ததில்லை. நீங்கள் மின்னஞ்சலில் புகுபதிகை செய்த நிலையில் வேறொரு தாவலில் ஒரு கெட்ட தளத்தைத் திறந்தால், அதில் ஒளிந்திருக்கும் படிவம் உங்கள் மின்னஞ்சல் சேவைக்கு உங்கள் பெயரில் ஒரு கோரிக்கையை அனுப்பிவிடலாம். 2007 செப்டம்பரில் ஜிமெயிலில் வெளிப்பட்ட ஓட்டை இந்த வகைதான். தீய பக்கம் ஒன்றைத் திறந்தாலே போதும், பயனரின் அமைப்புகளில் ஒரு வடிகட்டி புதிதாக முளைத்து, வரும் அஞ்சல்களை வேறொருவருக்குத் திருப்பிவிடும். கூகுள் ஓட்டையை அடைத்துவிட்டது. ஆனால் அடைப்பதற்கு முன்பு யார் கணக்கிலாவது வடிகட்டி ஏறியிருந்தால், அவராகப் போய் நீக்கும்வரை அது தன் வேலையைத் தொடரும்.

அமைப்புகள் மீதான தாக்குதலின் தனிக் கொடுமை இது. ஒரு செய்தியைத் திருடினால் திருட்டு அந்தச் செய்தியோடு முடிகிறது. ஓர் அமைப்பை மாற்றிவிட்டால், அது கடவுச்சொல்லை மாற்றியபின்னும் உயிரோடு இருக்கும்.

சிஎஸ்ஆர்எஃப் டோக்கன் இதைத் தடுக்கிறது. கெட்ட தளத்தால் உங்கள் உலாவியைக் கோரிக்கை அனுப்பவைக்க முடியும். விக்கிப்பீடியா அனுப்பும் பதிலைப் படிக்க முடியாது. டோக்கனோ பதிலில்தான் வருகிறது. அதைப் படித்துத் திருப்பி அனுப்ப முடிந்தவர் உண்மையான ஆள் என்று எடுத்துக்கொள்ளலாம். 2020இல் குரோம், வேறு தளத்திலிருந்து கிளம்பும் இத்தகைய கோரிக்கைகளில் குக்கீ சேர்வதை இயல்பாகவே கட்டுப்படுத்தத் தொடங்கியது. இருந்தும் டோக்கனைக் கைவிட யாரும் தயாரில்லை.

மீடியாவிக்கியின் டோக்கன் எப்போதும் ஒரு கூட்டல் குறியிலும் அதன்பின் ஒரு பின்சாய்கோட்டிலும் முடியும்: +\ என்று. அலங்காரத்துக்காக வைத்ததில்லை இது. வழியில் நிற்கும் சில பழுதான பிராக்ஸிகள் (இடைத்தரகு சர்வர்கள்) இந்த இரண்டு குறிகளையும் சிதைத்துவிடும். அப்படிப்பட்ட வழியாக வரும் உரை நம்பத்தக்கதில்லை என்பதால், டோக்கன் சிதைந்து கோரிக்கையே தோற்கட்டும் என்று வேண்டுமென்றே வைத்தார்கள். அந்தப் பொறியில் இன்று அடிக்கடி மாட்டுவது நிரலாளர்கள்தான். படிவ முறையில் அனுப்பும் தரவில் கூட்டல் குறிக்கு 'இடைவெளி' என்று பொருள். எனவே அதை '%2பி' என்று மாற்றி அனுப்ப வேண்டும். கைப்பட முகவரியை ஒட்டி எழுதுபவர் இதை மறந்தால், 'பேட்டோக்கன்' என்ற பிழைதான் கையில் கிடைக்கும். நூலகம் ஒன்றைப் பயன்படுத்தினால் இந்த மாற்றத்தை அதுவே பார்த்துக்கொள்ளும்.

## மாற்று, காலியாக்கு, திருப்பு, தொடாதே

இப்போது மையமான இடத்துக்கு வந்துவிட்டோம். 'ஆப்ஷன்ஸ்' ஆக்‌ஷனில் 'சேஞ்ச்' என்ற அளவுரு உண்டு. அதில் அமைப்புகளைக் கோட்டுக்குறி | இட்டுப் பிரித்து அடுக்கலாம். ஹைட்மைனர் என்ற ஒரே அமைப்பை வைத்துப் பார்த்தாலே நான்கு விதமாகச் சொல்ல முடியும்:

1. 'ஹைட்மைனர்=1' என்றால் மதிப்பை 1 ஆக்கு.

2. 'ஹைட்மைனர்=' என்று சமக்குறியோடு நிறுத்தினால், மதிப்பு ஒரு வெற்றுச்சரம். அதாவது, 'ஒன்றுமில்லை' என்பதையே மதிப்பாக வை.

3. 'ஹைட்மைனர்' என்று சமக்குறிகூட இல்லாமல் எழுதினால், இயல்புநிலைக்குத் திருப்பு.

4. பெயரையே குறிப்பிடாவிட்டால், இருப்பது இருக்கட்டும்.

இரண்டுக்கும் மூன்றுக்கும் உள்ள வேறுபாடு ஒரே ஒரு சமக்குறி. தளத்தின் இயல்புநிலை 'மறைக்காதே' என்று இருக்கும்வரை இரண்டும் ஒரே விளைவைத் தரும். சோதித்துப் பார்த்தவருக்கு வித்தியாசமே தெரியாது. இயல்புநிலை 'மறை' என்றிருக்கும் அமைப்பில் இரண்டும் நேரெதிராகப் போகும்.

சேஞ்சில் கோட்டுக்குறி பிரிப்பானாக இருப்பது இன்னொரு சிக்கலைக் கொண்டுவருகிறது. விக்கிப்பீடியர்கள் பலரும் கையொப்பத்தில் தங்கள் பயனர் பக்கத்துக்கும் பேச்சுப் பக்கத்துக்கும் இணைப்பு வைப்பார்கள். விக்கி இணைப்பின் வடிவமே [[பயனர்:இன்னார்|இன்னார்]] என்றுதான் இருக்கும். நடுவில் அதே கோட்டுக்குறி. இதைச் சேஞ்சில் போட்டால் சர்வர் கையொப்பத்தை நடுவில் வெட்டி, பின்பாதியை வேறோர் அமைப்பின் பெயர் என்று நினைத்துக்கொள்ளும். இதற்காகவே 'ஆப்ஷன்நேம்', 'ஆப்ஷன்வேல்யூ' என்று இரண்டு தனி அளவுருக்கள் இருக்கின்றன. முன்னதில் அமைப்பின் பெயர், பின்னதில் மதிப்பு, எந்தக் குறி இருந்தாலும் அப்படியே போகும். ஒரு கோரிக்கைக்கு இவ்வாறு ஓர் அமைப்பை மட்டும் மாற்றலாம் என்பது இதன் விலை.

இனி ரீசெட். இந்த அளவுரு 'ஆம்/இல்லை' வகையைச் சேர்ந்தது. மீடியாவிக்கி ஏபிஐயில் இந்த வகை அளவுருக்கள் வலைப்படிவத்தின் டிக் பெட்டியைப் போல இயங்கும். டிக் செய்த பெட்டி மட்டும் சர்வருக்குப் போகும்; டிக் செய்யாத பெட்டியைப் பற்றி உலாவி வாயே திறக்காது. ஆகவே அளவுருவின் பெயர் வந்துவிட்டால் 'ஆம்'. அதற்கு எதிரே 0 இருந்தாலும், 'நோ' இருந்தாலும், 'ஃபால்ஸ்' இருந்தாலும் 'ஆம்' என்றே பொருள். 'இல்லை' என்று சொல்ல ஒரே வழி, அந்த அளவுருவையே அனுப்பாமல் விடுவது.

பைத்தானில் 'ரிக்வெஸ்ட்ஸ்' நூலகத்தைக் கொண்டு எழுதுபவர் 'ரீசெட்' என்பதற்கு எதிரே ஃபால்ஸ் என்று வைத்தால், நூலகம் அதை எழுத்தாக மாற்றி அனுப்பிவிடும். அதே இடத்தில் 'நன்' (மதிப்பே இல்லை என்பதற்கான பைத்தான் சொல்) என்று வைத்தால் அந்த அளவுருவே போகாது. மீடியாவிக்கி தன் பக்கங்களுக்குள் தரும் ஜாவாஸ்கிரிப்ட் நூலகமோ ஃபால்ஸ் மதிப்புகளைத் தானே கழித்துவிடுகிறது. அதனால் கேட்ஜெட்டில் (விக்கிப் பக்கங்களுக்குள் ஓடும் சிறு துணைநிரலில்) ஒழுங்காக ஓடிய தர்க்கத்தைப் பைத்தானுக்கு அப்படியே பெயர்த்தால் கணக்கு துடைக்கப்படும்.

இன்னும் மோசமான ஒன்று இருக்கிறது. ரீசெட்டையும் மாற்றத்தையும் ஒரே கோரிக்கையில் அனுப்பினால், முதலில் எல்லாம் இயல்புநிலைக்குத் திரும்பும், பிறகு நீங்கள் கேட்ட மாற்றம் ஏறும். போய்ப் பார்ப்பவர் தான் கேட்டது சரியாக ஏறியிருப்பதைக் கண்டு திருப்தியடைவார். மற்றவை எல்லாம் போய்விட்டன என்பது எப்போதாவதுதான் கண்ணில் படும். அதற்குள் பழைய மதிப்புகளை மீட்க வழி இராது. கட்டுரைகளுக்கு இருப்பதுபோல அமைப்புகளுக்கு 'வரலாறு' பக்கம் கிடையாது.

என்னைக் கேட்டால், அழிக்கும் செயலையும் மாற்றும் செயலையும் ஒரே வாசலில் வைத்ததே வடிவமைப்பின் பிசகு. அழிப்பதற்குத் தனி ஆக்‌ஷன் இருந்திருந்தால் டிக் பெட்டி விதி இவ்வளவு ஆபத்தாகியிருக்காது.

## மற்ற சேவைகள் இதே சிக்கலை எப்படிக் கையாள்கின்றன

மீடியாவிக்கி ஏபிஐ பழைய பாணி. பின்னால் வந்த சேவைகள் பலவும் எச்டிடிபியின் முறைப்பெயர்களிலேயே நோக்கத்தைச் சொல்லப் பார்த்தன. அவற்றில் இரண்டு இங்கே முக்கியம்.

புட் என்ற முறைக்கு, 'இந்த முகவரியில் இருப்பதை எடுத்துவிட்டு, நான் தருவதை வை' என்று பொருள். அமைப்புகள் முழுவதும் ஒரே தொகுப்பாகப் போகும். கேட்க நேர்த்தியாக இருக்கிறது. கைப்பேசியில் ஓராண்டு பழைய செயலியை வைத்திருப்பவரை நினைத்துப் பாருங்கள். அந்தச் செயலி வெளிவந்தபின் சேவையில் புதிதாகச் சேர்ந்த அமைப்பு அதற்குத் தெரியாது. அது முழுத் தொகுப்பையும் புட் செய்யும்போது, தெரியாத அமைப்பு தொகுப்பில் இருக்காது. சர்வர் விதியைச் சொல்லுக்குச் சொல் பின்பற்றினால் அந்த அமைப்பு அழியும். பயனர் வலைத்தளத்தில் போட்டதைக் கைப்பேசி சத்தமில்லாமல் கலைத்துவிடும்.

பேட்ச் என்ற முறை இதற்காக வந்தது. 2010 மார்ச்சில் ஆர்எஃப்சி 5789 என்ற இணைய நெறிமுறை ஆவணம் அதை முறைப்படுத்தியது. 'மாறியதை மட்டும் தருகிறேன், மற்றதைத் தொடாதே' என்பது அதன் பொருள். மாறியதை எந்த வடிவில் எழுதுவது என்று அது சொல்லவில்லை. அதற்கு ஒரு விடை 2014இல் வந்த ஆர்எஃப்சி 7396, அதாவது 'ஜேசன் மெர்ஜ் பேட்ச்'. ஜேசன் என்பது தரவைப் பெயரும் மதிப்புமாக எழுதும் வடிவம். இதில் ஒரு புலத்துக்கு மதிப்பு தந்தால் மாற்று, 'நல்' (மதிப்பில்லை என்பதற்கான சொல்) என்று தந்தால் நீக்கு, புலமே இல்லாவிட்டால் தொடாதே. மீடியாவிக்கி சமக்குறியை வைத்துச் செய்வதை இது நல்லை வைத்துச் செய்கிறது. ஆனால் நல் 'நீக்கு' என்ற பொருளுக்குப் போய்விட்டதால், நல்லையே ஒரு மதிப்பாகச் சேமிக்க இதில் வழி இல்லை. பட்டியல்களிலும் இதே மாதிரி ஒரு குறை: பத்து உறுப்புகள் கொண்ட பட்டியலில் ஒன்றை மாற்ற, பத்தையும் திரும்ப அனுப்ப வேண்டும்.

நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்ஹப் தன் பயனர் விவரத்தை மாற்றப் பேட்ச்சைத்தான் பயன்படுத்துகிறது. சமூக வலைத்தளமான மாஸ்டடானும் அப்படியே; ஆனால் முகப்படம் போன்ற கோப்புகளும் அதே கோரிக்கையில் போக வேண்டியிருப்பதால் அங்கே படிவ வடிவம் ஏற்கப்படுகிறது. பேட்ச் என்ற பெயரைப் பார்த்தவுடன் எல்லாச் சேவையும் நல்லை ஒரே மாதிரி நடத்தும் என்று நம்பிவிடக் கூடாது. ஒவ்வொன்றின் ஆவணத்தையும் படிப்பதைத் தவிர வேறு குறுக்குவழி இல்லை.

## கேட்காத புலத்தைச் சர்வர் ஏற்றுக்கொண்டால்

இதுவரை அனுப்புபவரின் பக்கத்தைப் பார்த்தோம். சர்வரின் பக்கத்தில் நடக்கக்கூடிய விபத்துக்கு 2012 மார்ச்சில் நல்ல சாட்சி கிடைத்தது.

ரூபி ஆன் ரெயில்ஸ் என்ற மென்பொருள் சட்டகத்தில், வரும் படிவத்தின் எல்லாப் புலங்களையும் ஒரே வரியில் தரவுத்தளப் பதிவில் ஏற்றிவிடும் வசதி இருந்தது. நிரலாளருக்குச் சோம்பேறித்தனமாக எழுத வசதி. ஆனால் படிவத்தில் காட்டாத புலத்தைப் பயனர் தானாகச் சேர்த்து அனுப்பினாலும் அது ஏறிவிடும். இதைச் சரிசெய்ய வேண்டும் என்று ஈகோர் ஹோமகோவ் என்ற நிரலாளர் சொல்லிப் பார்த்தார். பெரிதாக யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. கிட்ஹப்பே ரெயில்ஸில்தான் ஓடியது. கணக்கு அமைப்புகளில் பொதுச்சாவியை (நிரலை ஏற்ற வருபவர் யார் என்று கிட்ஹப் சரிபார்க்கும் சாவியை) புதுப்பிக்கும் படிவத்தில், அந்தச் சாவி யாருடையது என்ற புலத்தையும் சேர்த்து அனுப்பினார். அவருடைய சாவி ரெயில்ஸ் குழுவுக்கு அனுமதி உள்ள கணக்கில் போய்ச் சேர்ந்தது. அதைக் கொண்டு ரெயில்ஸின் சொந்தக் களஞ்சியத்திலேயே ஒரு கோப்பை ஏற்றிக் காட்டினார்.

கிட்ஹப் அன்றே ஓட்டையை அடைத்தது. ரெயில்ஸ் 2013இல் தன் நான்காம் பதிப்பில், எந்தெந்தப் புலங்களை ஏற்கலாம் என்று நிரலாளர் வெளிப்படையாகப் பட்டியலிட்டே ஆக வேண்டும் என்று முறையை மாற்றியது.

மீடியாவிக்கி இங்கே ஒழுங்காக நடந்துகொள்கிறது. 'ஆப்ஷன்ஸ்' வழியாகத் தெரிந்த பெயர்களை மட்டும் ஏற்கும். மின்னஞ்சல் முகவரி, கடவுச்சொல் போன்றவற்றை இந்த வாசலில் மாற்ற முடியாது. கணக்கையே இழக்கவைக்கக்கூடிய அமைப்புகளுக்கு மறுபடி அடையாளம் கேட்கும் தனிப் பாதை. கேட்ஜெட் எழுதுபவர்களுக்கு மட்டும் ஒரு திறந்த இடம் உண்டு: 'யூசர்ஜேஎஸ்-' என்று தொடங்கும் எந்தப் பெயரிலும் தங்களுக்கு வேண்டியதைச் சேமிக்கலாம்.

அந்தத் திறந்த இடத்துக்கும் ஒரு பின்விளைவு உண்டு. கேட்ஜெட் தன் தரவு முழுவதையும் ஒரே ஜேசன் சரமாக அங்கே வைத்தால், இரண்டு தாவல்களில் திறந்திருக்கும் பயனர் இரண்டிலும் ஒன்றை ஒன்று மாற்றும்போது, கடைசியில் எழுதியது முந்தையதை மூடிவிடும். எச்டிடிபியில் இதற்கு மருந்து இருக்கிறது. சர்வர் ஒவ்வொரு பதிப்புக்கும் 'ஈடேக்' என்றொரு முத்திரை தரும். 'இந்த முத்திரை இன்னும் மாறாமல் இருந்தால் மட்டும் எழுது' என்று நிபந்தனை வைத்து அனுப்பலாம். மாறியிருந்தால் 412 என்ற எண்ணோடு கோரிக்கை திரும்பும். 'ஆப்ஷன்ஸ்' ஆக்‌ஷனில் இந்த வசதி இல்லை. ஆகவே பெரிய சரத்தைச் சிறு பெயர்களாக உடைத்து வைப்பதுதான் தப்பிக்கும் வழி.

## தமிழில் எழுதிய மதிப்பு போகும்போது

தமிழ்க் கையொப்பமோ தமிழில் எழுதிய குறிப்புகளோ அனுப்பும்போது மூன்று விஷயங்களைக் கவனிக்க வேண்டும்.

முதலாவது அளவு. யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட். படிவ வடிவில் ஒவ்வொரு பைட்டும் சதவீதக் குறியோடு 3 எழுத்தாக விரியும். 'தமிழ்' என்ற சொல் கண்ணுக்கு மூன்று எழுத்து; யூனிகோடுக்கு ஐந்து குறிகள் (த, ம, இகரக் கொம்பு, ழ, புள்ளி); சேமிப்பில் 15 பைட்; வழியில் போகும்போது 45 எழுத்து. யூசர்ஜேஎஸ் மதிப்பு ஒன்றுக்குச் சுமார் 64 கிலோபைட் வரை இடம் என்றால், தமிழில் அது ஏறத்தாழ 21,000 குறிகள்தான்.

இரண்டாவது பெயர். யூசர்ஜேஎஸ் அமைப்பின் பெயரில் ஆங்கில எழுத்து, எண், கீழ்க்கோடு, இணைகோடு மட்டுமே செல்லும். தமிழ் மதிப்பில் இருக்கலாம், பெயரில் கூடாது.

மூன்றாவதுதான் நுட்பமானது. 'கொ' என்பதைக் கணினியில் இரண்டு விதமாக எழுத முடியும்: க-வோடு ஒகரக் குறியை ஒரே குறியாகச் சேர்க்கலாம், அல்லது எகரக் கொம்பையும் காலையும் தனித்தனியாக இடலாம். திரையில் இரண்டும் அச்சு அசலாக ஒன்றே. மீடியாவிக்கி வரும் உரை அனைத்தையும் 'என்எஃப்சி' என்ற சீர்வடிவத்துக்கு மாற்றிவிடுவதால், கொம்பும் காலுமாக நீங்கள் அனுப்பியது ஒற்றைக் குறியாகிச் சேமிக்கப்படும். அனுப்பியதையும் திரும்பப் படித்ததையும் பைட் பைட்டாக ஒப்பிடும் நிரல், 'சேமிப்பு தோற்றது' என்று பொய்யாகக் கூவும். அனுப்பும் முன்பே உரையை என்எஃப்சிக்கு மாற்றிவிட்டால் இந்தத் தலைவலி இல்லை.

## 'சக்சஸ்' வந்தபின்னும் மாறவில்லை என்றால்

வலைச் சேவைகளில் 200 என்ற நிலை எண்ணுக்கு 'எல்லாம் நலம்' என்று பொருள் கொள்வது வழக்கம். மீடியாவிக்கி ஏபிஐயில் அது 'உங்கள் கோரிக்கை வந்து சேர்ந்தது, பதில் இதோ' என்பதோடு சரி. பிழையும்கூடப் பெரும்பாலும் 200 எண்ணோடு, பதிலின் உள்ளே 'எரர்' என்ற பகுதியாகத்தான் வரும். நிலை எண்ணை மட்டும் பார்க்கும் நிரல் எந்தத் தோல்வியையும் உணராது.

பதிலை முழுக்கப் படித்தாலும் இன்னொரு குழி இருக்கிறது. இல்லாத அமைப்பின் பெயரை அனுப்பினால், பதிலில் 'ஆப்ஷன்ஸ்: சக்சஸ்' என்றும் இருக்கும், மேலே 'வார்னிங்ஸ்' பகுதியில் 'இது செல்லத்தக்க விருப்பத்தேர்வு இல்லை' என்றும் இருக்கும். எழுத்துப்பிழையோடு பெயரை எழுதியவர் சக்சஸை மட்டும் பார்த்துவிட்டுப் போய்விடுவார். அதனால் அனுப்பியபின் கேட்க வேண்டிய கேள்விகளை இந்த வரிசையில் வைத்துக்கொள்வது நல்லது:

1. பதிலில் எரர் பகுதி இருக்கிறதா? 'பேட்டோக்கன்' என்றால் டோக்கன் சிதைந்திருக்கிறது அல்லது இடையில் புகுபதிகை அறுந்திருக்கிறது. 'நோசேஞ்சஸ்' என்றால் மாற்றம் எதையுமே நீங்கள் அனுப்பவில்லை. அளவுருவின் பெயர் தவறாக இருக்கலாம்.

2. வார்னிங்ஸ் பகுதி இருக்கிறதா? இருந்தால் அதைத் தோல்வியாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

3. திரும்பப் படித்தால் புதிய மதிப்பு வருகிறதா? பயனர் விவரத்தைக் கேட்கும் வினவலில் 'ஆப்ஷன்ஸ்' பகுதியைச் சேர்த்துக் கேட்டால் எல்லா அமைப்புகளும் வரும். மாற்றுவதற்கு முன்பும் ஒருமுறை இதைக் கேட்டுக் கோப்பில் சேமித்துவைத்தால், ரீசெட் விபத்துக்கு அதுவே காப்பு.

4. எரர் இல்லை, பெயரும் சரி, ஆனால் மதிப்பு மட்டும் அசையவில்லையா? அப்படியானால் பொது விருப்பத்தேர்வுகளைப் பாருங்கள்.

கடைசிக் கேள்விக்குச் சற்று விளக்கம் வேண்டும். விக்கிமீடியாவில் ஒரே கணக்கில் தமிழ் விக்கிப்பீடியா, விக்சனரி, பொதுவகம் என எல்லாத் தளங்களுக்கும் போகலாம். அமைப்புகளோ தளத்துக்குத் தளம் தனி. இதை இணைக்க 2018இல் பொது விருப்பத்தேர்வுகள் வந்தன. ஓர் அமைப்பைப் பொதுவாக்கினால் எல்லாத் தளங்களிலும் அதுவே செல்லும். அப்படிப் பொதுவாக்கிய அமைப்பை ஒரு தளத்தின் ஏபிஐ வழியாக மாற்ற வந்தால் என்ன செய்வது என்பதற்கு 'குளோபல்' என்ற அளவுரு இருக்கிறது. அந்தத் தளத்துக்கு மட்டும் விலக்கு அளி, பொது மதிப்பையே மாற்று, பொதுவாகப் புதிதாக வை, ஒன்றும் செய்யாதே என்று நான்கு தேர்வுகள். எதையும் குறிப்பிடாவிட்டால் இயல்பாக எடுத்துக்கொள்ளப்படுவது கடைசியில் சொன்ன 'ஒன்றும் செய்யாதே'. பயனர் பல மாதங்களுக்கு முன்பு பொதுவாக்கிய ஓர் அமைப்பை இன்று உங்கள் நிரல் மாற்றப் பார்த்தால், சர்வர் அதைப் படிக்கும், ஆனால் தொடாமல் விட்டுவிடும். 'குளோபல்=ஓவர்ரைடு' என்று சேர்த்தால் அந்தத் தளத்தில் மட்டும் மாறும்; 'குளோபல்=அப்டேட்' என்றால் அவருடைய எல்லாத் தளங்களிலும் மாறும். எது வேண்டும் என்பதை நிரல் தானாக முடிவு செய்யக் கூடாது, பயனரிடம் கேட்டே செய்ய வேண்டும்.